முன்பின் தெரியாதவரிடம் சொந்தக் கதையைச் சொன்னால் அது ஆறுதல் தரும் நட்பாக மாறுமா? எப்படி?

மாறும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பொதுவாக வரும் பதில், "மனசுல இருக்கிறதை எல்லாம் கொட்டிடுங்க, பாரம் இறங்கிடும்" என்பது. அப்படிக் கொட்டியவர்களில் பலர் மறுநாள் காலையில் "ஏன்தான் சொன்னோமோ" என்று கூசிப்போய், அந்த ஆளை மறுபடி சந்திப்பதே இல்லை. கொஞ்சம் சொல்லி, கொஞ்சம் கேட்டு, திரும்பத் திரும்பச் சந்தித்தால்தான் நட்பு வரும்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், ஓர் இழப்போ பிரிவோ நடந்து சில மாதம் ஆகியிருக்கும், வீட்டில் இருப்பவர்கள் "இன்னுமா அதையே நினைச்சுக்கிட்டிருக்கே" என்று சொல்லத் தொடங்கியிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் வெளியாளைத் தேடுவதில் தப்பே இல்லை. அவருக்கும் உங்களுக்கும் இடையில் பழைய கணக்கு எதுவும் கிடையாது. நெருங்கியவர்களிடம் மறைப்பதை மனிதர்கள் வெளியாளிடம் சொல்லிவிடுகிறார்கள் என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் ஸிம்மல் 1908-லேயே எழுதியிருக்கிறார்.

முதலில் அளவு. உங்கள் வேதனைகளை 10 வரை மனதுக்குள் வரிசைப்படுத்துங்கள். நினைத்தாலே தொண்டை அடைப்பது 10. முதல் சந்திப்பில் 3 அல்லது 4. அவ்வளவுதான். 9-ஐத் தூக்கிப் போட்டால் கேட்பவருக்கு இரண்டே வழிதான்: மிரண்டு ஒதுங்குவது, அல்லது அவரும் தன் 9-ஐ எடுத்து வைக்கவேண்டிய கட்டாயத்துக்கு வருவது. இரண்டுமே உறவுக்கு ஆகாது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. உளவியலாளர் ஆர்தர் ஆரனும் அவரது குழுவும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத இருவரை உட்காரவைத்து 36 கேள்விகளை மாறி மாறிக் கேட்டுப் பதில் சொல்ல வைத்தார்கள். 12 கேள்விகள் கொண்ட மூன்று கட்டுகள், கட்டுக்கு 15 நிமிடம், மொத்தம் 45 நிமிடம். முதல் கட்டில் சாதாரணக் கேள்விகள். போகப்போக அந்தரங்கம் கூடும். வெறும் அரட்டைக் கேள்விகளைக் கொடுத்த இணைகளைவிட இவர்கள் கூடுதல் நெருக்கத்தை உணர்ந்ததாகச் சொன்னார்கள். இதை "36 கேள்வியில் காதல்" என்று பரப்பிவிட்டார்கள். ஆய்வின் நோக்கம் காதல் அல்ல, ஆய்வுக்கூடத்தில் தற்காலிகமாக நெருக்கத்தை உண்டாக்க முடியுமா என்பதுதான். நமக்கு வேண்டியது அதில் உள்ள இரண்டு விஷயங்கள்: படிப்படியாக ஏறுவது, இருவரும் ஒரே உயரத்தில் ஏறுவது. ஒருவர் 6-லும் மற்றவர் 1-லும் நின்றால் அது வாக்குமூலம்.

கதையை எப்படிச் சொல்வது? பிறந்ததிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஒரே ஒரு காட்சி போதும், 5 முதல் 7 நிமிடம். "அப்பா போனதுக்கப்புறம் நான் உடைஞ்சு போயிட்டேன்" என்றால் கேட்பவர் "அடடா" என்பதோடு நின்றுவிடுவார். "அப்பா போய் எட்டு மாசம் ஆச்சு, அவர் நம்பருக்கு இன்னும் நான் ரீசார்ஜ் பண்றேன்" என்று சொல்லுங்கள். அவருக்குக் கேட்பதற்கு ஒரு பிடி கிடைக்கும். மூன்றாம் மனிதர்களின் பெயரை விட்டுவிடுங்கள். அண்ணன் செய்த துரோகம் உங்கள் கதைதான், ஆனால் அண்ணனின் பெயரும் வேலையிடமும் உங்கள் கதை இல்லை.

கேட்பது இதைவிடக் கடினம். பெரும்பாலான முயற்சிகள் பாழாவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சொல்பவர் முடித்ததும் ஐந்து வினாடி சும்மா இருங்கள். மனதுக்குள் எண்ணுங்கள், நீளமாகத்தான் தெரியும். பலர் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் உண்மையான கடைசி வாக்கியத்தைச் சொல்வார்கள். அடுத்து, அவர் சொன்னதிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துக் கேள்வி கேளுங்கள்: "ரீசார்ஜ் பண்றப்போ என்ன தோணும்?" 'ஏன்' என்று தொடங்கும் கேள்வி வேண்டாம். "ஏன் அப்பவே டாக்டர்கிட்ட போகலை?" என்பது தமிழில் விசாரணை மாதிரியே ஒலிக்கும். 'என்ன', 'எப்படி', 'அப்புறம்' போதும். யோசனை சொல்ல நாக்கு துடித்தால், "கேட்டுக்கிட்டா போதுமா, ஏதாவது யோசிச்சுச் சொல்லணுமா?" என்று கேட்டுவிடுங்கள். பத்தில் எட்டுப் பேர் "கேட்டா போதும்" என்பார்கள். (இது கணக்கெடுப்பு அல்ல, கைக்கணக்கு. யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.)

மோசமான பதில்களில் முதலிடம் "எல்லாம் சரியாயிடும்" என்பதற்கு என்று நினைப்பார்கள். அது வெறும் சோம்பல்தான். உண்மையில் கெடுப்பது, "எனக்கும் இதேதான்! எங்க சித்தப்பாவுக்கு என்ன ஆச்சுன்னா..." என்று ஆரம்பிப்பது. அனுதாபம் போலத்தான் இருக்கும், ஆனால் மைக் கைமாறிவிட்டது. உங்கள் கதையையும் சொல்லத்தான் வேண்டும், அதில்லாமல் நட்பில்லை. அவர் கதை முழுதாக முடிந்து, ஒரு கேள்வியாவது கேட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகு சொல்லுங்கள்.

அழுதால்? டிஷ்யூ பெட்டியை எல்லோருக்கும் கையெட்டும் இடத்தில் முன்பே வைத்துவிடுங்கள். எடுத்து நீட்டாதீர்கள். நீட்டினால் "போதும், நிறுத்து" என்ற அர்த்தம் போய்ச் சேரும். கேட்காமல் தோளைத் தட்டுவதும் அப்படியே. நேருக்கு நேர் உட்காராமல் 'ட' எழுத்து மாதிரி பக்கவாட்டில் உட்கார்ந்தால், கண்ணைப் பார்க்கவும் முடியும், விலக்கிக்கொள்ளவும் முடியும். பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது இன்னும் எளிது.

இருவராக இல்லாமல் வட்டமாக உட்காருவதென்றால் 4 முதல் 6 பேர். எட்டைத் தாண்டினால் இரண்டு பேர் வாயே திறக்கமாட்டார்கள். ஆறு பேருக்கு ஆளுக்கு 7 நிமிடம் என்றால் 42. நடுவே மௌனம், முன்னும் பின்னும் பேச்சு சேர்த்து 75 நிமிடம். 90-ஐத் தாண்டவிடாதீர்கள், கடைசியில் பேசுபவரின் கதையைக் களைப்பில் யாரும் கேட்கமாட்டார்கள். டைமரை அதிர்வில் வையுங்கள். அழுகைக்கு நடுவில் மணி அடித்தால் கொடுமை. "நட்புக்கு ஸ்டாப்வாட்சா?" என்று சிரிப்பவர்களுக்கு: நேரம் வைக்காத வட்டத்தில் பேசத் தெரிந்தவர் 40 நிமிடம் எடுத்துக்கொள்வார், பேசத் தெரியாதவர், அதாவது அதிகம் தேவைப்படுபவர், கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்படிப்பட்ட வட்டங்களை நடத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு, மூலையில் கேமராவை வைத்து, அழுகிற முகத்தை முப்பது வினாடி வீடியோவாக வெட்டி, இசை சேர்த்து, விளம்பரமாகப் போடுகிறார்களே, அவர்களை என்ன சொல்வது? "அனுமதி வாங்கிட்டோம்" என்பார்கள். அழுது முடித்த களைப்பில் இருப்பவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவார். கேமரா இருக்கும் இடத்தில் வாயைத் திறக்காதீர்கள்.

மறுநாள் கூச்சத்துக்கு வருகிறேன். அது வந்தே தீரும், வந்தால் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பொருளில்லை. கேட்டவர் 24 மணி நேரத்துக்குள் இரண்டே வரி அனுப்பினால் பெரும்பகுதி அடங்கிவிடும்: "நேத்து நீங்க சொன்னது என்கூடவே இருக்கு. வேற யார்கிட்டயும் போகாது." புதிதாக எதையும் கிளறாதீர்கள். உடனே வாட்ஸ்அப் குழுவும் தொடங்காதீர்கள். மூன்றாம் நாளே அது பூப்படத்தோடு காலை வணக்கம் சொல்லும் இடமாகிவிடும், அங்கே யார் 5-ஐயும் 6-ஐயும் பேசுவார்?

இரண்டாவது சந்திப்புக்கு நாளைக் குறிக்காமல் முதல் சந்திப்பிலிருந்து எழுந்திருக்காதீர்கள். ஏழு முதல் பத்து நாள் இடைவெளி சரி. 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரும் முதன்முறையாகச் சந்தித்தார்கள். இருவருக்கும் குடிப்பழக்கம். 15 நிமிடம்தான் என்று நிபந்தனை போட்டு வந்த ஸ்மித், மணிக்கணக்கில் இருந்தார், ஏனென்றால் வில்சன் புத்தி சொல்லாமல் தன் கதையைச் சொன்னார். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு அப்படித்தான் பிறந்தது. பலர் விட்டுவிடும் பகுதி இது: அந்தச் சந்திப்புக்குப் பிறகும் ஸ்மித் ஒருமுறை சறுக்கிக் குடித்தார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்கிறார்கள். முதல் பேச்சு எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், அடுத்த சில வாரம் கூட இருந்ததுதான் வேலை செய்தது.

மூன்றாவது, நான்காவது சந்திப்பில் பாதி நேரமாவது வேறு பேச்சு இருக்கட்டும். அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹாலின் கணக்குப்படி, சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. 200 மணி நேரமும் துக்கத்தையே பேச யாராலும் முடியாது. கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: செடி நடுவது, தைப்பது, பழுது பார்ப்பது. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய 'நட்பு பெஞ்ச்' திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் மரப்பெஞ்சில் உட்கார்ந்து கதை கேட்கிறார்கள். அமர்வுகள் தொடங்கியபின், கதை சொல்ல வந்தவர்கள் குழுவாகக் கூடிப் பை பின்னிக்கொண்டே பேசுவார்கள். அந்தத் திட்டம் மனச்சோர்வைக் குறைத்ததை 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது.

ஒரே கதையைச் சுற்றிச் சுற்றிப் பேசுவது நெருக்கத்தைக் கூட்டும், கூடவே சோர்வையும் கூட்டும். உளவியலாளர் அமான்டா ரோஸ் 2002-ல் பள்ளி மாணவர்களிடம் கண்டது இது. சோதிக்க எளிய வழி: அதே சம்பவத்தை நாலாவது முறை சொல்லும்போது புதிதாக ஒரு வாக்கியமாவது வருகிறதா? வரவில்லை என்றால் அன்றைக்குப் போதும், எழுந்து நடங்கள்.

சிலர் இதை இப்போதைக்குத் தள்ளிப்போட வேண்டும். விபத்தோ வன்முறையோ நடந்து சில நாள்தான் ஆகிறது, காட்சி கண்முன் வந்துகொண்டே இருக்கிறது, தூக்கமே இல்லை என்றால் முதலில் மருத்துவர். அதிர்ச்சி நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைப்பது பின்னாளைய பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கூட்டவும் செய்யலாம் என்று, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2002 மதிப்பாய்வு சொன்னது. அதேபோல, ரகசியம் காப்போம் என்று வாக்குக் கொடுக்கும்போதே ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுங்கள்: உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் ரகசியம் செல்லாது. சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமென்றால் தனியாக விடாமல் உதவி எண்ணையோ மருத்துவரையோ சேர்க்கும்வரை கூட இருங்கள்.

ஏமாற்றுக்காரர்களும் இந்த வழியாகத்தான் வருவார்கள். முதல் நாளே 10-ஐச் சொல்பவர், "இது நமக்குள்ள மட்டும் இருக்கட்டும்" என்று உங்களை மற்றவர்களிடமிருந்து பிரிப்பவர், மூன்றாவது சந்திப்பில் அவசரத் தேவை என்று பணம் கேட்பவர். மூன்றும் சேர்ந்தால் யோசிக்கவே வேண்டாம். நல்லவராகவே இருந்தாலும் முதல் ஆறு மாதம் கடன் கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்று இருவரும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

நீங்கள் பேசிய ஆள் இரண்டாவது சந்திப்புக்கு வராமல் போனால், "பரவாயில்லை, எப்போ முடியுதோ சொல்லுங்க" என்று ஒரே ஒரு செய்தி. பதில் இல்லையென்றால் இரண்டாவது செய்தி வேண்டாம். அடுத்த ஆளோடு மறுபடியும் 3-லிருந்து தொடங்குங்கள், முந்தையவரிடம் 5 வரை போயிருந்தாலும்.