வாசகர் கேள்விகள்: படை அனுப்பாமல் பணிய வைப்பது எப்படி?

கேள்வி: உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. படையே அனுப்பாத சீனா போன்ற எதேச்சாதிகார அரசுகளின் செல்வாக்கு வளர்ந்துவருகிறது என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நேற்றுவரை துணிந்து பேசிய நாடுகள் இன்று எதைப் பேசத் தயங்குகின்றன என்பதை வைத்துத்தான் சொல்கிறேன். நார்வேக்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

2010-ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு, மக்களாட்சிச் சீர்திருத்தம் கோரியதற்காக 11 ஆண்டுத் தண்டனை பெற்றுச் சீனச் சிறையில் இருந்த எழுத்தாளர் லியு சியாவ்போவுக்கு அறிவிக்கப்பட்டது. அவர் மனைவியும் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். பரிசை வாங்க ஒருவரும் வர முடியாததால், ஆஸ்லோ நகர மன்றத்தில் அவருக்கெனப் போடப்பட்டிருந்த காலி நாற்காலியின் மேல் பதக்கத்தையும் பட்டயத்தையும் வைத்தார்கள். நோபல் குழுவின் உறுப்பினர்களை நார்வே நாடாளுமன்றம் நியமிக்கிறதே தவிர, பரிசு யாருக்கு என்ற முடிவில் அரசுக்குப் பங்கில்லை. இருந்தும் பெய்ஜிங் நார்வே அரசுடனான உறவை முடக்கியது. வர்த்தகத் தடை என்று பகிரங்க அறிவிப்பு எதுவும் வரவில்லை. நார்வேயின் சால்மன் மீனுக்கான சுகாதாரச் சோதனைகள் மட்டும் திடீரெனக் கடுமையாகின. ஐஸ் போட்டு வரும் மீன் சோதனைக்காகத் தேங்கிக் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வியட்நாம், ஹாங்காங் வழியாகச் சுற்றிப் போன மீனும் உண்டு என்பதால், பண இழப்பு அன்று பேசப்பட்ட அளவுக்கு இல்லை என்றே நினைக்கிறேன். அரசியல் இழப்புதான் பெரிது.

2014 மே மாதம் தலாய் லாமா ஆஸ்லோவுக்கு வந்தபோது பிரதமர் எர்னா சோல்பர்க் அவரைச் சந்திக்கவில்லை. முன்பு நாடாளுமன்றத்தின் திபெத் குழுவுக்குத் தலைமை வகித்தவரான அவைத்தலைவரும் சந்திக்கவில்லை. 2016 டிசம்பரில் உறவு சீரானபோது வெளியிடப்பட்ட கூட்டறிக்கையில், சீனாவின் முக்கிய நலன்களுக்குக் குந்தகம் விளைவிக்கும் செயல்களை ஆதரிக்க மாட்டோம் என்று நார்வே எழுதிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஜூலை 13 அன்று லியு சியாவ்போ, காவலில் இருந்தபடியே, கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். அவருடைய கடைசி வாரங்களில் நார்வே அரசின் குரல் மிக அடங்கியே ஒலித்தது. பேச்சுச் சுதந்திரத்துக்குப் பேர்போன, எண்ணெய் வளம் நிறைந்த ஒரு நாட்டையே மீன் வியாபாரத்தைக் கொண்டு இந்த அளவுக்குப் பணிய வைக்க முடிந்தது என்பது எனக்குப் பெரும் கவலை தருகிறது.

கேள்வி: ஐ.நா. போன்ற பொது அமைப்புகளில் எல்லா நாடுகளும் இருக்கின்றனவே, அங்கும் இந்தச் செல்வாக்கு செல்லுபடியாகுமா?
– வாசகி, மதுரை

பதில்: அங்குதான் இன்னும் நன்றாகச் செல்லுபடியாகிறது. ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையராக இருந்த மிச்செல் பச்லெட், 2022 ஆகஸ்ட் 31 அன்று, தமது பதவிக்காலம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது சீனாவின் வடமேற்கில் உள்ள சின்ஜியாங் பகுதியைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். உய்குர் மக்களை அங்கே அடைத்துவைத்திருப்பது மனித குலத்துக்கு எதிரான குற்றமாக அமையக்கூடும் என்றது அந்த அறிக்கை. அக்டோபர் 6 அன்று மனித உரிமைப் பேரவையின் முன் வந்த தீர்மானம் யாரையும் கண்டிக்கவில்லை. அறிக்கையை விவாதிக்கலாம் என்று மட்டுமே கேட்டது. ஆதரவு 17, எதிர்ப்பு 19, நடுநிலை 11 என்று அது தோற்றது. உய்குர்கள் முஸ்லிம்கள், ஆனாலும் பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார் ஆகியவை எதிர்த்து வாக்களித்தன. இந்தியா நடுநிலை வகித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ஏமன் போர்க் குற்றங்களை விசாரித்துவந்த வல்லுநர் குழுவின் பணிக்கால நீட்டிப்பும், சவூதி அரேபியாவின் தரப்பு அதற்கு எதிராகத் தீவிரமாக ஆதரவு திரட்டியதால், இதே பேரவையில் தோற்கடிக்கப்பட்டது.

தமிழர்கள் இதை முன்பே பட்டு அறிந்தவர்கள். 2009 மே 27 அன்று, முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் இதே பேரவையில் 29-க்கு 12 என்ற கணக்கில் நிறைவேறியது. ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் பிறர் தலையிடக் கூடாது என்ற கொள்கையை அது வலியுறுத்தியது. சீனாவும் ரஷ்யாவும் அதை ஆதரித்ததில் வியப்பில்லை. மக்களாட்சி நாடுகளான இந்தியாவும் பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்தே கை தூக்கின என்பதை நாம் மறக்கலாகாது.

கேள்வி: மேற்கு நாடுகள் செய்யாத அக்கிரமமா? அவற்றின் இரட்டை வேடம்தானே இவர்களை வளர்த்துவிட்டது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பெரும்பகுதி உண்மை. ஈரானில் 1953-இல் பிரதமர் மொசாடெக்கின் ஆட்சியைக் கவிழ்த்ததும், இல்லாத ஆயுதங்களைக் காரணம் காட்டி 2003-இல் இராக்கில் புகுந்ததும் ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் நினைவில் இருக்கின்றன. மனித உரிமை பற்றி வாஷிங்டன் பேசும்போது அவர்கள் காதைப் பொத்திக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சின்ஜியாங்கில் அடைபட்டிருப்பவருக்கு அந்த நியாயத்தால் ஒரு பயனும் இல்லை. வாஷிங்டன் மீதுள்ள கோபத்துக்காக அவரை ஏன் கைவிட வேண்டும்?

எதிர்த்து நிற்க முடியாது என்பதும் இல்லை. கொரோனாவின் தோற்றம் பற்றிச் சுதந்திரமான விசாரணை வேண்டும் என்று 2020-இல் ஆஸ்திரேலியா கேட்டதும், அதன் பார்லி மீது 80 சதவீதத்துக்கு மேல் சீனா வரி விதித்தது. ஒயினுக்கும் நிலக்கரிக்கும் அடி விழுந்தது. ஆஸ்திரேலியா தன் கோரிக்கையைத் திரும்பப் பெறவில்லை. பார்லிக்கும் நிலக்கரிக்கும் வேறு நாடுகளில் சந்தை கிடைத்தது. ஒயின் தயாரிப்பாளர்கள்தான் நொந்துபோனார்கள். பார்லி வரி 2023-இலும் ஒயின் வரி 2024-இலும் நீங்கின. இத்தகைய மிரட்டலுக்குக் கூட்டாகப் பதிலடி கொடுக்க ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டமும் 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆசியாவின் சிறிய நாடுகளிடம் அப்படியொரு கூட்டு ஏற்பாடு இல்லை. நாளை அவற்றில் ஒன்றின் சரக்கு துறைமுகத்தில் தேங்கினால், அந்நாடு தனியாகத்தான் பெய்ஜிங்கிடம் பேச வேண்டியிருக்கும்.