முன் சில்லு வழுக்கினால் முழங்கை காப்பாற்றுமா?

மோட்டார் சைக்கிள் வளைவில் வழுக்கினால், மோட்டோஜிபி பந்தய வீரர் மார்க் மார்க்கெஸ் போல முழங்கையை ஊன்றி நிமிரலாமா என்று கேட்கிறீர்கள். ஊன்றப் போகாதீர்கள். முன் சில்லு சறுக்கத் தொடங்கியதும் முன் பிரேக்கை விடுங்கள். கல்லடிக் கடற்கரை வீதி வளைவில் மணலில் சரிந்தபடியே பிரேக் பிடித்தேன் என்கிறீர்களே, காரணம் பெரும்பாலும் அதுதான். திருப்பவும் நிறுத்தவும் ஒரே டயர், அதற்குக் கீழே மணல்.

நீங்கள் காட்டிய மார்க் மார்க்கெஸ் கதை வேறு. 2017 வலென்சியா பந்தயத்தில் முதல் வளைவில் முன் சில்லு போனபோது முழங்காலாலும் முழங்கையாலும் உந்தித்தான் நிமிர்ந்தார். அப்படியும் சரளைக்குள் ஓடித்தான் திரும்பினார். பந்தயத்தை மூன்றாவதாக முடித்து அந்த ஆண்டின் சாம்பியன் ஆனார். அங்கே பைக் 60 பாகைக்கு மேல் சரியும், பந்தய உடையின் முழங்கையில் தரையில் தேய்வதற்கென்றே ஒரு வில்லை இருக்கும். நம்மிடம் இருப்பது அரைக்கைச் சட்டை!

காலையில், டயர் சூடாகுமுன் காற்றை அளந்து பாருங்கள். அப்புறம் முன் டயரை உள்ளங்கையால் குறுக்கே தடவுங்கள். நடுவில் தட்டையாக இருந்தால் மாற்றுங்கள்.

ஒன்று: வழுக்கியது பின் சில்லு என்றால் இது பொருந்தாது. அப்போது அக்சிலேட்டரைச் சட்டென்று மூடினால் டயர் திடீரெனப் பிடித்து ஆளைத் தூக்கி எறியும். மெதுவாகக் குறையுங்கள்.