கோடாட் வழிகாட்டி எழுதப்போகும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். கேம் செய்ய உதவும் கோடாட் மென்பொருளில் ஒரு சின்ன கேம் செய்து முடித்துவிட்டீர்கள். இப்போது புதிதாக வருபவர்களுக்குத் தமிழில் ஒரு வழிகாட்டி எழுத ஆசை. அப்பாவோ, இதெல்லாம் வேலைக்கு உதவுமா என்று கேட்கிறார்.

எழுதுங்கள். ஆனால் 'முழு கோடாட்' எழுத உட்காராதீர்கள். முப்பது அத்தியாயத்துக்குப் பொருளடக்கம் போட்டவர்கள் இன்ஸ்டால் செய்யும் அத்தியாயத்தோடு நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் கோடாட்டை இன்ஸ்டால்கூடச் செய்ய வேண்டாம், ஸிப்பைப் பிரித்து ஓட்டினால் போதும். ஒரு பொம்மை நடக்க வேண்டும், குதிக்க வேண்டும், தரையில் நிற்க வேண்டும். முதல் வழிகாட்டிக்கு அவ்வளவுதான் எல்லை.

அந்தக் குதிப்பையே எடுத்துக்கொள்வோம். கேமின் ஒவ்வொரு உறுப்பையும் கோடாட்டில் நோட் என்பார்கள். பொம்மைக்கான கேரக்டர்பாடி2டி நோடுக்கு ஸ்கிரிப்ட் சேர்க்கும்போது கோடாட் 4 தானே ஒரு மாதிரி நிரலை எழுதித் தரும். அதில் நடக்கும் வேகம் 300, குதிக்கும் வேகம் மைனஸ் 400 என்று இருக்கும். வரைபடத்தாளில் மேலே போனால் ப்ளஸ் என்று பள்ளியில் படித்த பிள்ளை இங்கே திகைத்துவிடும். திரையில் இடது மேல் மூலைதான் பூஜ்யம், கீழே இறங்க இறங்க ஒய் கூடும், அதனால்தான் மேலே எழும்ப மைனஸ் என்று சொல்லுங்கள். சொன்ன கையோடு, அந்த மைனஸை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு தட்டினாலும் பொம்மை தரையை விட்டு எழும்பாது. அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்கு அது மறக்காது.

இன்னொரு இடம், எச்சரிக்கையாக வரும் மஞ்சள் முக்கோணம். பொம்மை எதில் மோதும் என்பதற்கு எல்லை போடும் கொலிஷன்ஷேப்2டி நோடைச் சேர்க்காவிட்டால் கேரக்டர்பாடி நோடுக்குப் பக்கத்தில் அது வந்து நிற்கும். சேர்த்ததும் போய்விட்டது என்று நினைத்தால், புதிதாகச் சேர்த்த நோடுக்குப் பக்கத்தில் இருக்கும். ஷேப் என்ற இடத்தில் வட்டமோ செவ்வகமோ தேர்ந்தெடுத்தால்தான் முழுதாக மறையும். பழகியவர் இதைச் சொல்லாமல் தாண்டிவிடுவார். நீங்கள் போன மாதம்தான் இங்கே சிக்கியிருப்பீர்கள், அதனால் உங்களால் இதை நன்றாகவே எழுத முடியும்.

நோட், சீன், சிக்னல் போன்ற கோடாட் சொற்களைத் தமிழாக்க வேண்டாம். திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே போட்டு, விளக்கத்தை மட்டும் நல்ல தமிழில் எழுதுங்கள். நோடைக் 'கணு' என்று எழுதினால் படிப்பவர் அந்தச் சொல்லைத் திரை முழுக்கத் தேடுவார்.

முதல் வரியிலேயே எந்தப் பதிப்புக்கான பாடம் என்று போட்டுவிடுங்கள். 2023 மார்ச்சில் வந்த 4.0 பல பெயர்களை மாற்றிவிட்டது. என்னிடம் வந்த ஒரு மாணவி பழைய 3-ஆம் பதிப்புப் பாடத்தை வைத்துக்கொண்டு இரண்டு இரவு அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். பொம்மையை நகர்த்தும் மூவ் அண்ட் ஸ்லைடு என்ற கட்டளைக்கு அடைப்புக்குறிக்குள் வேகத்தைக் கொடுத்தது 3-இல் சரி, 4-இல் பிழை. தப்பு அவளுடையதே இல்லை, அந்தப் பாடத்தில் பதிப்பு எண் இல்லை.

சரி, வேலை விஷயம். வழிகாட்டியை மட்டும் காட்டி கேம் கம்பெனியில் வேலை வாங்க முடியாது. அவர்கள் முதலில் ஓடுகிற கேமைத்தான் கேட்பார்கள். இங்கே வரும் வேலை விளம்பரங்களிலும் யூனிட்டி, அன்ரியல் என்ற வேறு கேம் மென்பொருள்களின் பெயர்கள்தான் அதிகம், அதனால் அடுத்த ஆண்டு யூனிட்டியும் தொட்டுப் பாருங்கள். ஆனால் கேமோடு வழிகாட்டியும் இருந்தால், நீங்கள் புரிந்துதான் செய்தீர்கள் என்பதற்கு அது சாட்சி. டெக்னிக்கல் ரைட்டர், பயிற்சியாளர் மாதிரி வேலைகளுக்கு அதுவே நேரடி மாதிரிப் படைப்பு. அப்பாவிடம் இரண்டு மாதம் கேளுங்கள், வாரத்துக்கு ஐந்து மணி நேரம், ஒரு அரியர்கூட வைக்க மாட்டேன் என்று. அவர் கவலை நியாயமானது, அதோடு சண்டை போடாதீர்கள்.

எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டு ப்ளஸ் டூ பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நீங்கள் வாயே திறக்காமல் பாருங்கள். மௌஸ் எங்கெல்லாம் தயங்கி நிற்கிறதோ அதையெல்லாம் ஒரு தாளில் குறியுங்கள். அடுத்த முறை என்னைப் பார்க்க வரும்போது அந்தத் தாளையும் எடுத்து வாருங்கள்.