பெட்டியில் 10 கோர், திரையில் 12: எந்தக் கணக்கு சரி?

கேள்வி: புதிதாக வாங்கிய மடிக்கணினியில் இன்டெல் கோர் ஐ5-1235யு பிராசஸர் இருக்கிறது. பெட்டியில் 10 கோர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். டிவைஸ் மேனேஜரில் ஒரே பெயர் 12 முறை வருகிறது. டாஸ்க் மேனேஜர் சாக்கெட் 1 என்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: ஏமாற்றவில்லை, நிம்மதியாக இருங்கள். மூன்று எண்களும் சரியானவையே. ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருளை எண்ணுகிறது.

சாக்கெட் என்பது கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் பிராசஸர் சிப் பொருந்தும் இடம். மடிக்கணினியில் அது ஒன்றுதான். அந்தச் சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கணக்கிடும் பகுதிகள்தான் கோர்கள். உங்கள் சிப்பில் வேகமான கோர்கள் 2, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் சிறிய கோர்கள் 8, ஆக 10.

பிறகு 12 எங்கிருந்து வந்தது? வேகமான கோர் இரண்டிலும் ஹைப்பர் த்ரெடிங் என்ற வசதி உண்டு. நினைவகத்திலிருந்து தரவு வந்து சேரும்வரை ஒரு கோர் பலமுறை சும்மா காத்திருக்க நேர்கிறது. ஒரு அடுப்பில் உலை கொதிக்கும்வரை மற்றொரு அடுப்பில் தாளிக்கும் சமையல்காரரைப் போல, அந்த இடைவெளியில் கோர் இன்னொரு வேலையைக் கவனித்துக்கொள்கிறது. அதனால் விண்டோஸுக்கு அது இரண்டு லாஜிக்கல் பிராசஸர்களாகத் தெரிகிறது. இரண்டு கோர்களுக்கு நான்கு, சிறிய கோர்களுக்கு எட்டு, மொத்தம் 12. டிவைஸ் மேனேஜர் இவற்றைத்தான் வரிசையாகக் காட்டுகிறது. அடுப்பு இரண்டானாலும் சமையல்காரர் ஒருவரே என்பதால் வேகம் இரட்டிப்பாகாது. 2002இல் பென்டியம் 4 சிப்பில் இவ்வசதி வந்தபோது ஒரே கோர் உள்ள கணினியே இரண்டு பிராசஸர் காட்டியது. உங்களுக்கு வந்த குழப்பம் அன்றே தொடங்கிவிட்டது.

நீங்களே சரிபார்க்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் சிபியு பகுதியைப் பாருங்கள். சாக்கெட், கோர், லாஜிக்கல் பிராசஸர் என மூன்றும் தனித்தனியாக இருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விண்டோஸில் உள்ள சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்ற கருவியின் பூட் பக்கத்தில் பிராசஸர் எண்ணிக்கையை உயர்த்தினால் கணினி வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே எதையும் தொடாவிட்டாலும் விண்டோஸ் எல்லாக் கோர்களையும் பயன்படுத்துகிறது. அந்த வசதி எண்ணிக்கையைக் குறைத்துச் சோதிப்பதற்காக இருப்பது. என்றாவது உங்கள் கணினி 12க்குக் குறைவாகக் காட்டினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். அடுத்து, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே இயங்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளின் அமைப்பு.

வாங்கும்போது கோர் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவதும் சரியன்று. ஏஎம்டி ரைசன் 7 5800யு சிப்பில் 8 கோர்தான்; ஆனால் எட்டும் ஒரே வகை, லாஜிக்கல் பிராசஸர்கள் 16. மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் எத்தனை கோர், எந்த வகை, எத்தனை த்ரெட் (அதாவது லாஜிக்கல் பிராசஸர்) என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.