ஐந்து மாத கர்ப்பம், பையனின் யுகேஜி வகுப்பில் ஃப்ளூ பரவுகிறது. பிரசவம் வரை அவனைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்கலாமா?

அனுப்புங்கள். டாக்டர் சொன்ன ஃப்ளூ தடுப்பூசியை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதையும் படித்தேன்: ஊசி வேண்டாம், பையனை நிறுத்து. இரண்டையும் அப்படியே திருப்பிப் போட்டால் அதுதான் என் பதில். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் மருத்துவர் இல்லை. ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். கீழே மாத்திரை பெயர், அளவு எல்லாம் வரும். அது எனக்கு எழுதிக் கொடுத்தது, உங்களுக்கு உங்கள் டாக்டர்தான் எழுத வேண்டும். "எங்கள் பாட்டி பத்துப் பெற்றாள், ஓர் ஊசி போட்டதில்லை" என்று கமெண்டில் எழுதக் காத்திருப்பவர்களே, பாட்டி பெற்ற பத்தில் எத்தனை தங்கின என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

2023 மார்ச். நாங்கள் கடலூரில் இருந்தோம். எனக்கு ஏழாம் மாதம், மகள் எல்கேஜி. எச்3என்2 வகை ஃப்ளூ பரவுகிறது என்று அந்த மாதம் டிவியில் ஓயாமல் சொன்னது நினைவிருக்கும். தமிழ்நாடு முழுக்க மார்ச் 10ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தினார்கள். பாண்டிச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை 16ஆம் தேதியிலிருந்து 26 வரை லீவே விட்டுவிட்டார்கள். பஸ் ஏறி உட்கார்ந்து கண் அசருவதற்குள் வந்துவிடுகிற ஊர் அது. அங்கே இருக்கும் என் சித்தி மகள், பிள்ளையைப் பீச்சுக்குக் கூட்டிப்போன போட்டோவை ஸ்டேட்டஸில் வைக்கிறாள். இங்கே என் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேனுக்கு நிற்கிறாள். பாண்டிச்சேரியிலிருந்து வரும் வழியில் ஆல்பேட்டை செக்போஸ்டில் சரக்கு பாட்டிலைத்தான் தேடுவார்கள், இருமலை யார் தேடுகிறார்கள்?

லீவு விட்டிருந்தால் எனக்கு வந்திருக்காது என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். முழு வருகைச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. ஆண்டு விழா மேடையில் மெடலோடு கொடுப்பார்கள். அதற்காகக் காலையில் ஒரு மூடி பாராசிட்டமால் சிரப்பை ஊற்றி, நெற்றி குளிர்ந்ததும் வேனில் ஏற்றிவிடுவார்கள். பதினோரு மணி வரை தாங்கும். அதற்கு மேல் அந்தப் பிள்ளை டெஸ்க்கில் தலையைச் சாய்த்துவிடும். டீச்சரைக் குறை சொல்லமாட்டேன், அத்தனை பிள்ளைகளுக்கும் சேர்த்து ஓர் ஆயாம்மாதான். நான்கு வயதுப் பிள்ளை படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் வர வேண்டும் என்று ஆசை காட்டுகிற அந்த மெடலை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

வகுப்பு வாட்ஸாப் குரூப்பில் பணிவாகத்தான் எழுதினேன். காய்ச்சல் இருந்தால் தயவுசெய்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், என்னைப் போல வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிற அம்மாக்களும் இருக்கிறோம் என்று. ஓர் அம்மா பதில் போட்டார்: "எல்லாரும் உங்கள மாதிரி வீட்டுல இருக்கறவங்க இல்லீங்க." அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள்.

நான் வீட்டில் இருக்கிறவளாம்! அந்த மார்ச்சில் வருடக் கணக்கு முடிக்கிற நேரம், ராத்திரி எட்டுக்கு முன்னால் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. இதைச் சொல்லும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பிரசவ விடுப்பு 26 வாரம் என்று 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள் இல்லையா? அது பத்துப் பேராவது வேலை செய்கிற இடத்துக்குத்தான். எங்கள் ஆபீசில் ஆள் எண்ணிக்கை ஒன்பதைத் தாண்டவே தாண்டாது. பத்தாவது ஆள் தேவைப்படும்போதெல்லாம் யாராவது காலேஜ் பையன் "டிரெய்னிங்" என்று வந்து உட்காருவான். ஆடிட்டருக்குச் சட்டம் சொல்லித்தர நாம் யார்? காய்ச்சல் என்று போன் செய்தபோது சார் சொன்னது: "நல்லா ரெஸ்ட் எடும்மா. லேப்டாப்ப மட்டும் பையன்கிட்ட குடுத்தனுப்புறேன்."

சரி, காய்ச்சலுக்கு வருகிறேன்.

முதலில் மகளுக்கு வந்தது. என் வயிற்றில் வாயை வைத்துக்கொண்டு பாப்பாவுக்குக் கதை சொல்வது அவளுக்குத் தினசரி வேலை. நரி வடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடத்தில் பெரிதாக ஒரு தும்மல். நைட்டியெல்லாம் சளி. "பாப்பாவுக்கும் ஒட்டிக்குமாம்மா?" என்று அவளே கேட்டாள். பாப்பாவுக்கு ஒட்டவில்லை, எனக்கு ஒட்டியது. இந்தக் காய்ச்சல் உடம்பில் புகுந்து ஒன்றிலிருந்து நான்கு நாளில் வெளியே தெரியும். அதைவிட மோசம், தெரிவதற்கு ஒரு நாள் முன்பே மற்றவருக்குப் பரவத் தொடங்கிவிடும். பிள்ளைக்கு நெற்றி சுடுகிறதே என்று நீங்கள் விலகும்போது வேலை முடிந்திருக்கும். பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுவும் காரணம். அவனை நிறுத்துவீர்கள். உங்கள் கணவரின் ஆபீசை நிறுத்துவீர்களா? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாட வருவதை? பிரசவத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதுவரை ஐந்து வயதுப் பையனை நாள் முழுக்க வீட்டில் வைத்துக்கொண்டு நீங்கள் எங்கே ஓய்வெடுப்பது?

எனக்கு 102 டிகிரி. உடம்பை அடித்துப் போட்டது போல வலி. மாமியார் ஆடாதோடை இலையைப் பறித்துவந்து கசாயம் போடத் தயாராகிவிட்டார். பாசத்தில் குறையே இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் என் டாக்டர் கேட்டதும் பதறிவிட்டார். ஆடாதோடை கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும், வயிற்றுப் பிள்ளைக்காரி தொடக் கூடாது, நிலவேம்பும் வேண்டாம் என்றார். சித்த மருத்துவத்தை இழிவுபடுத்துகிறேன் என்று கிளம்பாதீர்கள். நல்ல சித்த மருத்துவரும் இதையேதான் சொல்வார். மாமியார் முகம் கொஞ்சம் வாடியது, பிறகு மிளகு ரசத்துக்கு மாறிக்கொண்டார்.

அன்று நான் தெரிந்துகொண்டது ஒன்று. ஃப்ளூ காய்ச்சலை நம் அரசு வழிகாட்டுதலில் ஏ, பி, சி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். லேசான காய்ச்சல், இருமல் என்றால் ஏ. வீட்டில் ஓய்வு போதும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலம் பாரிப்பது எல்லாம் சி. உடனே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நடுவில் இருக்கிற பி பிரிவில், காய்ச்சல் லேசாக இருந்தாலும், கர்ப்பிணி என்ற ஒரே காரணத்துக்காக நம்மைச் சேர்த்திருக்கிறார்கள். 65 தாண்டியவர்களும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. அதனால் டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டர் ஓசல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். 75 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள். டாமிஃப்ளூ என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே மருந்துதான். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். புரூஃபன் வகை வலி மாத்திரை கூடாது. மெடிக்கல் ஷாப்காரர் "ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ் போட்டுக்கங்க மேடம்" என்று அவராகவே எடுத்து நீட்டினார். இது வைரஸ், அதற்கு அது வேலை செய்யாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவருக்கு என்மேல் இன்னும் வருத்தம் இருக்கிறது.

நம்மை மட்டும் ஏன் தனியாக வைத்திருக்கிறார்கள்? வயிறு வளர வளரக் கர்ப்பப்பை மேலே தள்ளும், நுரையீரல் முழுதாக விரிய இடமிருக்காது. இதயத்துக்கும் ஏற்கெனவே கூடுதல் வேலை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியும், குழந்தையை அந்நியமாக நினைத்துத் தாக்காமலிருக்க, கொஞ்சம் மாறியிருக்கும். 2009இல் பன்றிக்காய்ச்சல் என்ற ஃப்ளூ வந்தபோது அமெரிக்காவில் இறந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் கர்ப்பிணிகள். மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் நூற்றுக்கு ஒருவர்தான். பயமுறுத்த எழுதவில்லை. பெரும்பாலோருக்கு என்னைப் போல வந்து போய்விடும். ஆனால் "சாதாரண ஜலதோஷம்தானே" என்று யாராவது சொன்னால் வாயை அடைக்க இது ஒன்று போதும்.

காய்ச்சல் சீக்கிரம் இறங்கிவிட்டது. இருமல்தான் வாரக்கணக்கில் உயிரை எடுத்தது. ஒவ்வொரு இருமலுக்கும் வயிறு இறுகும், ஒவ்வொரு இருமலுக்கும் கொஞ்சம் சிறுநீர் கசியும். இதை யாரும் எழுதமாட்டார்கள், நான் எழுதுகிறேன். ஏழாம் மாதத்தில் இருமும்போது அப்படி ஆவது சகஜம், வெட்கப்படாமல் நாப்கின் வைத்துக்கொள்ளுங்கள். இருமல் வருவது தெரிந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமினால் வலி குறைகிறது. குழந்தையின் அசைவு குறைந்த மாதிரி தெரிந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மாத்திரை போட்டும் காய்ச்சல் இறங்காவிட்டாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

அந்த நாட்களில் மகளை எப்படிச் சமாளித்தோம் என்றால், பள்ளிவிட்டு வந்ததும் கை கழுவி, யூனிஃபார்மைக் கழற்றி வாளியில் போட்ட பிறகுதான் என்னிடம் வருவாள். மூக்கு துடைப்பது, மருந்து கொடுப்பது என் கணவர் வேலை. சிப்காட்டில் அவருக்கு ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட் வந்தால் மாமியார். பாட்டியோடு படு என்றால் ஒரே அழுகை. கடைசியில் ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுத்தோம், ஜன்னல் இரண்டையும் திறந்துவைத்து. அவள் முகம் என் கால் பக்கம். உதை வாங்கினேன், வாங்கியதெல்லாம் முழங்காலில்தான். இன்னொன்று, பிள்ளை குடித்து மிச்சம் வைத்த பாலையும் தட்டில் விட்ட ரெண்டு வாய்ச் சோற்றையும் வீணாகக் கூடாதென்று வாயில் போட்டுக்கொள்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. பிரசவம் வரைக்குமாவது அதைக் கணவருக்கு விட்டுக்கொடுங்கள். பிள்ளைக்கே காய்ச்சல் வந்தால், மருந்து கொடுக்காமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லை என்றான பிறகு அனுப்பினால் போதும். மெடல் போனால் போகட்டும்.

இப்போது ஊசி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நமக்கு டிடி ஊசிதான் போடுவார்கள், அது ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும். ஃப்ளூ ஊசி இலவசப் பட்டியலில் இல்லை. அதனால் நர்சம்மா யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை, எனக்கும் காய்ச்சல் வரும்வரை யாரும் சொல்லவில்லை. உங்கள் டாக்டர் ஐந்தாம் மாதத்திலேயே சொல்லியிருக்கிறார் என்றால் அவரைக் கும்பிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2012லேயே இந்தத் தடுப்பூசிக்குக் கர்ப்பிணிகளைத்தான் முதல் வரிசையில் வைத்தது. கையில் போடுகிற ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது. ஒரு நாள் கை வலிக்கும், சிலருக்கு லேசாக உடம்பு சுடும். மூக்கில் அடிக்கும் ஸ்பிரே வகையில் உயிருள்ள வைரஸ் இருப்பதால் அது மட்டும் நமக்குக் கூடாது. போட்டு இரண்டு வாரமாகும் எதிர்ப்புச் சக்தி வர, ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாலேயே போடுவது நல்லது. சென்னைப் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் ஃப்ளூ தலை விரித்தாடும்.

உங்கள் மாமியாரிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். பிறக்கிற குழந்தைக்கு ஆறு மாதம் முடியும்வரை ஃப்ளூ ஊசி போட முடியாது. அதுவரை அதற்குக் கிடைப்பது அம்மா உடம்பிலிருந்து போகிற எதிர்ப்புச் சக்தி மட்டும்தான். என் மாமியார் வழிக்கு வந்தது இந்த இடத்தில்தான். காய்ச்சல் குணமான பிறகு நான் போட்டுக்கொண்டேன், வந்து போனது ஒரு வகைதான், ஊசி மற்ற வகைகளுக்கும் சேர்த்து என்று டாக்டர் சொன்னதால். பையன் பிறந்தான், மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி.

சின்னம்மை, ருபெல்லா மாதிரி ஏதாவது பள்ளியில் வந்தால் இந்தப் பதில் பொருந்தாது. அன்றைக்கே டாக்டருக்குப் போன் போடுங்கள்.

ஊசி போடப் போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவனுக்கு இதுதான் முதல் தடவை என்றால் நான்கு வாரம் விட்டு இரண்டு டோஸ் போட வேண்டும். எங்கள் ஊரில் அப்போது ஒரு ஊசி இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. கணவர் கம்பெனியில் மருத்துவச் செலவு தருவார்கள் என்றால் மறக்காமல் பில் கேட்டு வாங்குங்கள், கிளினிக்கில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அது செல்லாது.