ஃபார்மெட் அடிப்பதற்கு முன் கேபினெட்டைத் திறவுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கல்லிடைக்குறிச்சி வாசகர்: எங்கள் அரிசி ஆலை ஆபீஸில் இரண்டாம் தலைமுறை ஐ3 சிஸ்டம் ஓடுகிறது. காலையில் ஒழுங்காக இருக்கும். மதியம் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடும். உடனே போட்டால் இரண்டு நிமிஷம்கூட நிற்காது, அரை மணி நேரம் விட்டால் ஓடும். இரண்டு தடவை ஃபார்மெட் அடித்தாயிற்று. இனி புதுசுதான் வாங்கணும்னு சொல்லுதாங்க. வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். ஆறவிட்டால் ஓடுகிறது, சூட்டோடு போட்டால் அணைகிறது என்று நோயை நீங்களே சொல்லிவிட்டீர்கள். விண்டோஸ் கெட்டிருந்தால் காலை, மதியம் பார்த்துக் கெடாது. ப்ராசஸர் அளவுக்கு மேல் சூடேறினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால், எரிந்துபோகாமல் இருக்க மதர்போர்டு கரண்டை வெட்டிவிடும். அதனால்தான் விண்டோஸ் பிழையைக் காட்டும் நீலத் திரையான ப்ளூ ஸ்க்ரீன்கூட வராமல் அணைகிறது.

உறுதி செய்ய எச்டபிள்யூ மானிட்டர் என்ற இலவச மென்பொருள் போதும். சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி வரை சாதாரணம். வேலை கொடுத்த பத்து நிமிஷத்துக்குள் 85-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் சந்தேகமே இல்லை.

சிஸ்டத்தை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய கரண்ட் வடிந்துவிடும். முன்னால் நின்று பார்த்தால் இடப்பக்கத் தகடு, பின்னால் இரண்டு ஸ்க்ரூ. ஆலையில் பறக்கும் தவிட்டுத்தூசியில் எண்ணெய்ப்பசை உண்டு. அது ஃபேனுக்கும், கீழே ப்ராசஸரின் சூட்டை உறிஞ்சும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணி மாதிரிப் படிந்து கிடக்கும். மேலே ஃபேன் நன்றாகச் சுற்றும், காற்று மட்டும் கீழே இறங்காது. வெறுமே ஊதினால் இது போகாது. 1 இன்ச் பெயின்ட் பிரஷால் கிளறிவிட்டு, வெளியே கொண்டுபோய் ப்ளோயர் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் போய்விடும்.

இத்தனை வருஷத்தில், ப்ராசஸரிலிருந்து ஹீட்சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டும் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். ஹீட்சிங்கின் நான்கு பிளாஸ்டிக் பின்களையும் அம்புக்குறி காட்டும் திசையில் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் கழன்றுவிடும். பழைய பேஸ்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, ப்ராசஸரின் நடுவில் அரைப் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். கூட வைத்தால் நல்லது என்று பூசி மெழுக வேண்டாம். பின்களை பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, எதிரெதிர் மூலையாக இரண்டிரண்டாக, 'டிக்' சத்தம் கேட்கும்வரை அமுக்குங்கள்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரு பின் சரியாக இறங்காவிட்டாலும் ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், முன்னைவிட வேகமாகச் சூடேறும். நான்கு பின்களின் நுனியும் போர்டின் பின்பக்கம் எட்டிப் பார்க்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தபிறகே மூடுங்கள். ஆலைச் சூழலுக்கு இந்தத் துப்புரவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேவை. கேபினெட்டைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்தாலே பாதித் தூசி குறையும்.

வள்ளியூர் வாசகர்: சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. நேரம் காலம் கிடையாது. ஆனி, ஆடிக் காற்றில் லைன் விட்டுவிட்டு வரும்போது அதிகம், லேசர் பிரின்டரில் பிரின்ட் கொடுக்கும்போதும் சில சமயம். யு.பி.எஸ் இருக்கிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவான ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று வருகிறது. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது.

41 என்பது காரணம் அல்ல. 'முறைப்படி ஷட்டவுன் ஆகாமல் நின்றேன்' என்று விண்டோஸ் அடுத்த முறை எழுந்ததும் எழுதிவைக்கும் குறிப்பு, அவ்வளவே. அதன் டீட்டெய்ல்ஸ் பகுதியில் பக்செக் கோட் (பிழை எண்) 0 என்று இருந்தால், விண்டோஸ் பிழையைப் பதிவு செய்யக்கூட அவகாசம் இல்லாமல் நின்றிருக்கிறது என்று பொருள். உங்கள் அறிகுறிகளோடு சேர்த்துப் பார்த்தால் பவர் கோளாறுதான்.

முதலில் யு.பி.எஸ். அதில் கம்ப்யூட்டரை மாட்டாமல் 60 வாட் குண்டு பல்பை மாட்டி, சுவர் சுவிட்சை அணையுங்கள். பல்பு ஐந்து நிமிஷமாவது எரிய வேண்டும். உடனே அணைந்தால் உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி செத்துவிட்டது. இரண்டு மூன்று வருஷம்தான் அதன் ஆயுள். லேசர் பிரின்டரை யு.பி.எஸ்ஸிலிருந்து இன்றே கழற்றிவிடுங்கள். மையைத் தாளில் சுட்டு ஒட்டவைக்கும் உருளை சூடேறும்போது பிரின்டர் இழுக்கும் கரண்டைச் சின்ன யு.பி.எஸ் தாங்காது.

பல்பு நன்றாக எரிந்தால் அடுத்தது, கேபினெட்டுக்குள் பவர் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். லைன் போய் யு.பி.எஸ் பேட்டரிக்கு மாறச் சில மில்லி விநாடி பிடிக்கும். நல்ல எஸ்.எம்.பி.எஸ் சுமார் 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும். பழையதில் கெப்பாசிட்டர் வற்றிப்போனால் அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி-யில் வைத்து, சிஸ்டம் ஓடும்போதே, காலியாக இருக்கும் நான்கு பின் கனெக்டரில் பாருங்கள். கறுப்புக்கும் மஞ்சளுக்கும் 11.4 முதல் 12.6, கறுப்புக்கும் சிவப்புக்கும் 4.75 முதல் 5.25 இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டி, வேலை கொடுத்ததும் 11.2-க்கு இறங்கினால் மாற்றிவிட வேண்டியதுதான். எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் பிரிக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும்.

கேபினெட் சுர்ரென்பது எர்த் இல்லை என்பதற்கு அடையாளம். இது உயிர் சம்பந்தப்பட்டது, தள்ளிப்போடாதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். 3 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. எர்த் கம்பியே இணைக்காத ப்ளக் பாயின்ட்டும் உண்டு என்பதால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் சுமார் 230 காட்டுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

மேலப்பாளையம் வாசகி: ப்ளூ ஸ்க்ரீன் வருகிறது, படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர் வருவது போல இருக்கிறது. போன மாதம்தான் இன்னொரு 4 ஜிபி ராம் வாங்கிப் போட்டோம்.

முதலில் திரையை நிற்கவையுங்கள். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி போய், 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். இனி திரை அப்படியே நிற்கும், செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். ஒரே டிரைவர் (ஒரு சாதனத்தை இயக்கும் மென்பொருள்) ஃபைலின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிரைவரைச் சந்தேகப்படலாம். 'மெமரி மேனேஜ்மென்ட்', 'பேஜ் ஃபால்ட்' என்று மாறி மாறி வந்தால் பெரும்பாலும் ராம்.

புதிதாகப் போட்டதைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். ப்ளூ ஸ்க்ரீன் வருவது நின்றுவிட்டால் விடை கிடைத்தாயிற்று. நிற்காவிட்டால் பழையதையும் எடுத்து, அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். மாட்டும்போது இரண்டு பக்கக் கொக்கியும் தானாக மூட வேண்டும்.

பிறகு மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, ஒவ்வொரு ராமாகத் தனித்தனியே ஓட்டுங்கள். இரவு போட்டுவிட்டுக் காலையில் பார்ப்பது உத்தமம். ஒரே ஒரு சிவப்புப் பிழை வந்தாலும் அது தேறாது, 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது. கெட்ட ராம் ஃபைலை எழுதும்போதே தப்பாக எழுதிவைக்கும், உங்கள் கணக்கும் படங்களும் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். தனித்தனியே இரண்டும் தேறி, சேர்த்துப் போட்டால் மட்டும் பிழை வந்தால் ஜோடி சேரவில்லை. கடையில் கொடுத்து, பழையதன் ஸ்டிக்கரில் உள்ள வேகத்திலேயே மாற்றி வாங்குங்கள்.

திசையன்விளை வாசகர்: காலையில் போட்டால் தேதி பழையபடி போய்விடுகிறது. சில நாள் விண்டோஸ் லோகோ வந்ததும் ப்ளூ ஸ்க்ரீன்.

போர்டில் ரூபாய் நாணயம் மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. புதியது 3 வோல்ட் காட்டும். ப்ளூ ஸ்க்ரீனுக்கும் காரணம் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரி போனதும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருள்) செட்டிங் அழிந்து, சாட்டா மோடு (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை) ஏ.எச்.சி.ஐ-யிலிருந்து ஐ.டி.இ-க்கு மாறிவிடலாம், அப்போது விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கே தெரியாது. பேட்டரியை மாற்றி, டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் மோடைத் திருப்பி வையுங்கள். கடல் காற்று உள்ள ஊர் என்பதால் பேட்டரிக் கிளிப்பில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாளையங்கோட்டை வாசகர்: மவுஸ் அசைகிறது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் ஒன்றும் நடப்பதில்லை. டிஸ்க் லைட் அணையாமல் எரிகிறது. டிஸ்க்கைச் சோதிக்கும் செக் டிஸ்க் ஓட்டலாமா?

இப்போது கூடாது. முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு டிரைவுக்குக் காப்பி எடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுக்கப் படிக்கவைத்தால் அதிலேயே போய்விடலாம். காப்பி முடிந்ததும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5 (டிஸ்க்கில் கெட்ட இடங்கள்), சி7 (கேபிள் வழிப் பிழைகள்) மூன்று வரிகளை மட்டும் பாருங்கள். 05-உம் சி5-உம் பூஜ்யமாக இல்லாமல் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கே கெட்டுக்கொண்டு வருகிறது, 240 ஜிபி எஸ்.எஸ்.டி போட்டுவிடுங்கள். சி7 மட்டும் ஏறினால் டிஸ்க்கை மாற்ற வேண்டியதில்லை, சாட்டா கேபிளை மாற்றினால் போதும். மாற்றிய பிறகும் பழைய எண் அப்படியேதான் இருக்கும். குறித்துவைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து அது ஏறவில்லையா என்று பாருங்கள்.