பலாப் பெட்டி மூடி மழையில் இறுகுவது

மாசியில் செய்த பலாப் பெட்டியின் 20 செ.மீ. அகல இழுப்பு மூடி ஆனியில் காடியில் (மூடி ஓடும் பள்ளத்தில்) சிக்கிக்கொண்டது, ஃபெவிகாலில் சுற்றிலும் ஒட்டிய அடிப்பலகை மூலை மூட்டைத் தள்ளுது என்று கேட்டிருந்தீங்க. மூட்டில் தப்பில்லை, உப்ப இடம் விடாததுதான் தப்பு.

மரம் நீளவாக்கில் அசையவே அசையாது என்று வச்சுக்கலாம். அகலவாக்கில்தான் உப்பும். நம்ம குமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. அந்த ஈரத்தில் 20 செ.மீ. அகலப் பலகை 2, 3 மி.மீ. கூட விரியும். பெட்டியை வெயிலில் வச்சுடாதீங்க, பிளந்துடும். வீட்டுக்குள் உலர்ந்த அறையில் வச்சுத் தளரட்டும். மூடியை உருவி, ரெண்டு ஓரத்தையும் முக்கால் மி.மீ. இழைச்சு, காடியில் மெழுகுவர்த்தி தேய்ங்க. மழைக்காலத்தில் இழைத்தால் லேசாக ஓடினாலே போதும், கோடையில் தானே தளரும்.

அடிப்பலகையைக் கழற்றியே ஆகணும். புதுசை ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மி.மீ. குறைவாக அறுத்து, காடிக்குள் சும்மா நிறுத்துங்க. பசை வேணும்னா குறுகிய ஓரங்களின் நடுவில் ஒரு சொட்டு மட்டும்.

இன்னொண்ணு: இலை செதுக்கிய மேல்பக்கம் மட்டும் வார்னிஷ் அடிச்சிருந்தா மூடி கிண்ணம் மாதிரி வளையும். உள்பக்கமும் அதே அளவு அடிங்க.